பார்க்காமல் போட்ட சார்ஜ்

சக்கரபாணிக்குக் கோபம் வந்தால் சவுரிராயன் கடையில் கரண்டு போய்விடும்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் சக்கரபாணியின் மல்லாட்டை மிஷின், அதாவது நிலக்கடலை உடைக்கிற மிஷின், இருந்தது. அந்த மிஷின் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, வேப்ப மரத்துக் கிளையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற சவுரிராயனின் தகரக் கொட்டகைக்கு வந்தது. கொட்டகை நின்ற இடமும் சக்கரபாணியுடையது. ஒயருக்கு ஒரு சுவிட்சு உண்டு. அது சக்கரபாணியின் நாற்காலிக்குப் பின்னால், அவன் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

வணக்கம் சொல்ல ஒரு நாள் நேரமானால் கரண்டு போகும். மிஷினுக்கு வந்த லாரிக்காரன் எவனாவது, "இன்னாய்யா, உன்னவிட அந்த பேட்டரிக்காரனுக்குத்தான் கூட்டம் வருது" என்று விளையாட்டுக்குச் சொன்னால் போகும். ஒரு கிறிஸ்துமசுக்கு மறுநாள் சவுரிராயன் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடை திறந்தான். அன்றைக்குப் பொழுது போகும்வரை கரண்டே இல்லை. மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான், கரண்டும் வந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்கள்!

சவுரிராயனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அப்பனும் அம்மாவும் அடுத்தவன் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டியே காலத்தைக் கழித்தவர்கள். பதினைந்து வயதில் அவன் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய், ஒரு காண்டிராக்டரிடம் ரயில் பெட்டி விளக்குகளுக்கான பேட்டரிகளைத் தோளில் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தான். சுமந்துகொண்டே தொழிலைக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆசிட் பட்டுப் பட்டு அவன் லுங்கிகள் எல்லாம் சல்லடையாக இருக்கும். பேட்டரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவான்.

தொழிலில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்க்காத பேட்டரிக்குச் சார்ஜ் போடமாட்டான். பஸ் முதலாளியே ஆள் அனுப்பினாலும் சரி, "கொண்டாந்து எதுர்ல வையுங்க" என்பான். இன்னொன்று, இரண்டு வகைப் பேட்டரியை ஒரே லைனில் சேர்த்துப் போடவே மாட்டான். லாரி, கார், டிராக்டர் எல்லாவற்றிலும் இருப்பது ஈயப் பேட்டரி, உள்ளே ஆசிட். ரயிலில் சில பெட்டிகளில் இருந்தது இரும்புப் பேட்டரி. உள்ளே ஆசிட் கிடையாது, சவுக்காரம் மாதிரி அரிக்கிற காரத்தண்ணி. ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறி ஏறி, நிறையப்போகிற நேரத்தில்தான் நுரைக்கும். இரும்புப் பேட்டரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒயர் மாட்டின கொஞ்ச நேரத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அந்த நுரையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு ஒரு தீக்குச்சி போதும். இதெல்லாம் தெரிந்த ஆள் அந்த ரோட்டில் அவன் ஒருவன்தான்.

ஆனால் என்ன தெரிந்து என்ன! கரண்டு அடுத்தவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

தன் பெயரில் ஒரு மீட்டர் வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. திண்டிவனத்தில் கரண்டு ஆபீசுக்குப் போய் விண்ணப்பமும் வாங்கி வந்துவிட்டான். இடத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கம்பத்திலிருந்து நேராக லைன் இழுத்துவிடலாம் என்று கிளார்க் சொன்னார். அந்த ஒரு கையெழுத்துக்காக ஐந்து வருஷம் நடந்தான். விண்ணப்பத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தான். சக்கரபாணி முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "போட்டாப் போச்சுடா, எங்க ஓடிடப் போவுது" என்பான். ஆடி போகட்டும் என்பான். அறுப்பு முடியட்டும் என்பான்.

"அவன் போடமாட்டான்யா. மீட்டரு வந்துட்டா அப்பறம் எந்த சுவிட்ச அமுக்குவான்?" என்பாள் லூர்துமேரி. சவுரிராயனின் பெண்டாட்டி. நடவுக்கும் களைக்கும் போகிறவள், நாக்கில் தேன் தடவிப் பேசத் தெரியாதவள்.

"போடுவான். ஒரு நாளு மனசு வரும்" என்பான் சவுரிராயன்.

எண்பத்தாறாம் வருஷம் சக்கரபாணிக்குக் காசிக்குப் போக ஆசை வந்தது. அவனுக்கு என்பதைவிட, அவன் மனைவி கெங்கம்மாளுக்கு. ஆனால் கெங்கம்மாள் வெளியில் கை நனைக்கமாட்டாள். எவன் சமைத்ததோ, எவள் பாத்திரம் கழுவினாளோ என்று ஓட்டல் பக்கமே திரும்பமாட்டாள். காசிக்குப் போய்வர ஒரு மாசம் பட்டினியா கிடப்பது? அதனால் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரி வேன் ஏலத்துக்கு வந்தது. அதைச் சக்கரபாணி எடுத்தான். அனந்தபுரத்து ஆசாரி வந்து உள்ளே கட்டில் போட்டான், அலமாரி அடித்தான், ஸ்டவ்வுக்கு மேடை வைத்தான், குடங்கள் நகராமல் இருக்கச் சட்டம் போட்டான், சாமி படங்களுக்கு ஒரு மாடமும் செய்தான். ஊர் அதற்கு வீட்டு வண்டி என்று பெயர் வைத்தது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டியில் இரண்டு பேட்டரி. வண்டியைக் கிளப்புகிற பேட்டரி முன்னால் இருந்தது. உள்ளே எரிகிற டியூப்லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் இன்னொன்று, கட்டிலுக்கு அடியில். அந்த இரண்டாவதைச் சக்கரபாணி விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்திருந்தான். ரயிலில் ஓடியது, சாகவே சாகாது என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். காசிக்குப் போகிற வண்டியில் காயலான் கடைச் சாமான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மெட்ராஸில் வாங்கிய புதுசு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தான். சவுரிராயனிடமும் அப்படித்தான் சொன்னான்.

"ஞாயித்துக்கிழம கெளம்பறம். ரெண்டுத்துக்கும் ஃபுல்லா சார்ஜ் போட்டுடு. வழியில பேஜாரு பண்ணக்கூடாது. ஞாயித்துக்கிழம உன் பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுத்தான் வண்டியே ஏறுவேன், போ."

இதைக் காசிக்குப் போகிற அந்த வண்டியின் மேல் கை வைத்துச் சொன்னான். சவுரிராயனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் லூர்துமேரியிடம் சொன்னபோது அவள்கூட வாயைத் திறக்கவில்லை. காசிக்குப் போகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்கும் ஒரு நப்பாசை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வேப்ப மரத்தடியில் வந்து நின்றது. கெங்கம்மாள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உள்ளே ஸ்டவ் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழிக்கு வேண்டிய பொடிகள், ஊறுகாய், இரண்டு பித்தளைக் குடத்தில் குடிதண்ணீர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பின் கதவுக்குக் கீழே ஏறி இறங்க ஒரு மரப்பலகை கிடந்தது.

சவுரிராயன் முன் பேட்டரியைத் திறந்து பார்த்தான். நல்ல பேட்டரி. பிறகு பின்பக்கம் வந்தான்.

"ஐயா, உள்ள இருக்கறத ஒரு தபா பாத்துடறேங்க" என்று சொல்லிக்கொண்டே பலகையில் ஒரு காலை வைத்தான்.

சக்கரபாணி மனைவியைப் பார்த்தான். கெங்கம்மாள் சிரித்தாள். கெட்ட மனுஷி என்று அவளைச் சொல்ல முடியாது. சவுரிராயன் வீட்டில் காய்ச்சல் என்றால் ரசம் கொடுத்தனுப்புவாள், கொல்லைப்புறமாக.

"அதுக்கின்னா சவுரி. அது கட்டிலுக்கு அடியில மாட்டிக்கினு கெடக்குது. நீ எதுக்கு செரமப்படற? ஒயர ஜன்னல் வழியா நீட்டறோம். நீ அங்கருந்தே மாட்டிக்கப்பா."

சொல்லிக்கொண்டே குனிந்தாள். அவன் காலை எடுக்கும்வரை காத்திருந்து, பலகையைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வராதே என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஊரில் அதைச் சொல்லவேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

சவுரிராயன் கீழே நின்றான். பார்க்காமல் போடமாட்டேன் என்று பஸ் முதலாளிக்குச் சொன்ன வாய் இது. இப்போது அந்த வாய் எங்கே போயிற்று? கூரையில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவர்தான் கண்ணுக்குள் நின்றது. இன்றைக்கு வெள்ளி, நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை.

"மூடி எத்தினி இருக்குதுங்க, ஐயா?"

"ஆறுதான். பேட்டரின்னா ஆறுதானடா" என்றான் சக்கரபாணி, இருந்த இடத்திலிருந்தே.

"கொஞ்சம் பாத்து சொன்னீங்கன்னா..."

"டேய், காசு குடுத்து வாங்கினவனுக்குத் தெரியாதா? உனக்கு இன்னா, சார்ஜ் போட வருமா வராதா?"

"பொட்டி இன்னா கலருங்க அம்மா?"

கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். "கறுப்பு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆசாரி அந்தப் பேட்டரியை ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, மூடி போட்டு, கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டிருந்தான்.

ஜன்னல் வழியாக வந்த ஒயரில் சவுரிராயன் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தான். பதினொன்று காட்டியது. சார்ஜ் இறங்கிப்போன லாரி பேட்டரி அவ்வளவுதான் காட்டும். ரயில் பேட்டரியும் அவ்வளவு காட்டும் என்பது அவன் மனதில் ஒரு மூலையில் எழுந்தது. மெட்ராஸ் புதுசு என்று சொன்னவர் ஐயா. ஐயாவைப் பொய்க்காரனாக்க அவனால் ஆகவில்லை. எழுந்ததை அப்படியே அமுக்கிவிட்டான்.

இரண்டு பேட்டரியையும் ஒரே லைனில் மாட்டினான்.

"அம்மா, ஜன்னல தொறந்து வையுங்க. நாலு மணிக்கு மேலதான் நுரைக்கும். அதுக்கப்பறம் வெளக்கு, ஸ்டவ்வு எதுவும் பத்த வைக்காதீங்க. அதுவரைக்கும் ஒண்ணும் பயமில்ல."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவன் பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான். பார்க்காத பேட்டரிக்கு எவன் இவனை உத்தரவாதம் கொடுக்கச் சொன்னது?

அவன் தலை மறைந்ததும் கெங்கம்மாள் ஜன்னல்களைச் சாத்திவிட்டாள். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் புழுதி வந்து துடைத்த மேடையில் படிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் அந்த இரும்புப் பேட்டரி, மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து, வந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. கெங்கம்மாள் மாடத்து விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தீக்குச்சியைக் கிழித்தாள்.

லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. மிஷின் வீட்டு ஓட்டிலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின.

சவுரிராயன் சார்ஜர் சுவிட்சை அமுக்கி நிறுத்தினான். ஆசிட் பட்டால் ஊற்றுவதற்கென்று சோடா உப்புக் கரைத்த வாளி ஒன்று எப்போதும் கடையில் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பலகை இல்லை, வாளியோடு ஒரே தாவாகத் தாவி உள்ளே ஏறினான்.

கட்டிலின் மெத்தை புகைந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையில் தீ. கெங்கம்மாள் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ கண்ணு போச்சே, கண்ணு போச்சே" என்று கத்தினாள். மரப்பெட்டி பிளந்து கிடந்தது. அதற்குள் ஒன்பது இரும்பு டப்பா, வரிசையாக.

ஒரு பார்வைதான். அந்த டப்பாக்களை ஆயிரக்கணக்கில் தோளில் சுமந்தவன் அவன். மூடியைத் திறக்க வேண்டாம், தொடக்கூட வேண்டாம். காலையில் இதே மாதிரி ஒரு பார்வை பார்க்க விட்டிருந்தால் போதும்.

இவள் முகத்தில் தெறித்தது ஆசிட் இல்லை, காரம். அதற்குச் சோடா உப்பு உதவாது, வெறும் தண்ணீர்தான். சோடா வாளியைத் திரை மேல் வீசித் தீயை அணைத்தான். சட்டத்தில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். கெங்கம்மாளின் தலையைத் தன் கை மடக்கில் சாய்த்து, விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றினான்.

"யாரு? யாரு?" என்றாள் அவள். அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சவுரிங்க, அம்மா. கண்ண மூடாதீங்க."

பிடித்திருந்த கையை விட்டாள். ஒரு நொடிதான். பிறகு மறுபடியும் பிடித்துக்கொண்டாள். ஒரு குடம் காலியானதும் இன்னொரு குடத்தை எடுத்தான். அதுவும் தீர்ந்த பிறகுதான் விட்டான்.

பாண்டிச்சேரியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே இவ்வளவு தண்ணீர் விட்டு அலசியது யார், அவரால்தான் இந்த அம்மாவுக்குப் பார்வை தப்பியது என்றாராம். இதைச் சவுரிராயனுக்குச் சொன்னது, அவளை அங்கே கொண்டுபோன கார் டிரைவர். சக்கரபாணி வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வண்டியை உள்ளும் புறமும் கழுவினார்கள். அந்த இரண்டு பித்தளைக் குடங்களும் திரும்ப வீட்டுக்குள் போகவில்லை. வேப்ப மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன.

"எடுத்துக்கினு போவட்டா? நமக்கு இன்னா தீட்டு?" என்று கேட்டாள் லூர்துமேரி.

"தொடாத அத" என்றான் சவுரிராயன். அவன் குரல் அப்படி இருந்து அவள் கேட்டதில்லை.

வண்டிக்கு இன்சூரன்சு இருந்தது. விசாரிக்க ஆள் வருவதாகச் சேதி வந்த அன்று காலையில், சக்கரபாணி முதல்முறையாகச் சவுரிராயன் கொட்டகைக்குள் நுழைந்தான். பேட்டரிப் பலகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். டேய் என்று ஆரம்பிக்கவில்லை.

"சவுரி, இன்சூரன்சுக்காரன் கேட்டா, பேட்டரிய உள்ள ஏறிப் பாத்தேன்னு சொல்லு. பாத்துட்டுத்தான் மாட்டினேன், கவனக்கொறவா ரெண்டுத்தயும் ஒரே லைன்ல போட்டுட்டேன்னு சொல்லு. இன்ன பேட்டரின்னு வண்டிக்குச் சொந்தக்காரன் மறச்சிட்டான்னு வந்தா ஒண்ணுமே குடுக்கமாட்டானாம். உன்ன இன்னா, தூக்குலயா போட்டுடப் போறான்?"

சவுரிராயனின் கண் கூரையில் செருகியிருந்த கவருக்குப் போயிற்று.

"அது முடியட்டும். உன் பேப்பர எடுத்துக்கினு வா. கையெழுத்து போட்டுடறேன். என் பொஞ்சாதி கண்ணு மேல சத்தியம்."

யார் காப்பாற்றிய கண் அது! அதன் மேலேயே சத்தியம் செய்கிறான். சவுரிராயனுக்கு அப்படியே ஒரு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் தலையை ஆட்டினான். ஆமாம், ஆட்டினான். ஐந்து வருஷம் அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் வேறு எதை ஆட்டுவான்?

இன்சூரன்சுக்காரர் விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு. வண்டிக்குள் ஏறி, டார்ச் அடித்து, இரும்பு டப்பாக்களை எண்ணி எழுதிக்கொண்டார். இறங்கி வந்து சவுரிராயனிடம், "நீங்கதான் சார்ஜ் போட்டவரா?" என்று கேட்டார். நீங்க என்ற வார்த்தையில் சவுரிராயன் ஒரு கணம் தடுமாறிப்போனான்.

"ஆமாங்க."

"ரயில்வே பேட்டரி வேல தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. இத பாத்தா உடனே தெரிஞ்சிருக்குமே. உள்ள ஏறிப் பாத்தீங்களா?"

சவுரிராயன் சக்கரபாணி பக்கம் திரும்பினான். அவர் அவனைப் பார்த்தார், சக்கரபாணியைப் பார்த்தார், வண்டியின் பின் கதவைப் பார்த்தார். படித்த பிள்ளை, புரிந்துகொண்டார்.

"உங்கள உள்ள விடலியா? பயப்படாம சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"இது இன்னா சார் கேள்வி!" என்றான் சக்கரபாணி. "இந்தக் காலத்துல யாரு சார் அதெல்லாம் பாக்கறாங்க? யாரு வேணான்னா அவன? உள்ள வந்து பாக்க வேண்டியதுதான?"

மிஷின் வீட்டு வாசலில் கெங்கம்மாள் நின்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். சவுரிராயன் அவளைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லலாம். பார்க்கணும்னு கேட்டான் சார், நான்தான் பலகைய எடுத்தேன் என்று சொல்லலாம். அவளுக்கு உதடு அசைந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தேங்க" என்றான் சவுரிராயன். "கவனிக்காம மாட்டிட்டேன். என் தப்புதாங்க."

இன்சூரன்சுக்காரர் வண்டியின் பின் கதவை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அவன் சொன்னபடியே எழுதினார். சவுரிராயன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் லூர்துமேரி அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இருவத்தி மூணு வருசமா பேட்டரிய பாக்காம தொடமாட்டேன்னவன் நீ. அந்தப் பேர வச்சித்தான் நாலு வண்டி நம்ம கொட்டாயில நிக்குது. அத எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியா?"

"மீட்டரு வந்துடும், மேரி."

"வராது" என்றாள். அழுதாள். அவள் அழுது அவன் அதிகம் பார்த்ததில்லை.

இன்சூரன்சு கிடைத்துவிட்டது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. மறுநாளே சவுரிராயன் குளித்து, சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, பழைய சட்டையைத்தான், பிளாஸ்டிக் கவரோடு மிஷின் வீட்டுக்குப் போனான். சக்கரபாணி நாற்காலியில் இருந்தான். எதிரில் மல்லாட்டை போட வந்த குடியானவர்கள் ஐந்தாறு பேர்.

"வாடா சவுரி" என்றான். சிரித்த முகம். கவரை வாங்கினான், விண்ணப்பத்தை எடுத்தான், ஒரு எழுத்து விடாமல் படித்தான். பேனாவும் எடுத்தான்.

"இதுல இன்னா எழுதணும்? இவனுக்குக் கரண்டு குடுக்கறதுல எனக்கு ஆட்சேபண இல்ல. அதானே?"

"ஆமாங்க, ஐயா."

"எழுதிக் குடுக்கறேன்னே வச்சிக்கோ. நாளைக்கு உன் கொட்டாயில ஒண்ணு வெடிச்சா? பக்கத்துல என் மிஷினு. உள்ள இருவது பேரு வேல செய்யறாங்க. என்னத்தானடா புடிப்பான்?"

"ஐயா, அன்னிக்கு நடந்தது உங்களுக்கே..."

"எனக்கு இன்னா தெரியும்? நான் பேட்டரி வேல படிச்சவனா?" சக்கரபாணி குடியானவர்கள் பக்கம் திரும்பினான். "ரெண்டும் வேற வேற ஜாதி பேட்டரி. கண்ணால பாத்துட்டும் ஒரே லைன்ல மாட்டி இருக்கறான். நான் சொல்லல. அவனே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கறான். இப்பேர்ப்பட்டவனுக்குக் கரண்டு குடுங்கன்னு நான் எப்பிடி எழுதறது, நீங்களே சொல்லுங்க."

குடியானவர்கள் நியாயம்தானே என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியவர், "கண்ணு தப்பிச்சது அந்த அம்மா செஞ்ச புண்ணியம்" என்றார்.

சக்கரபாணி விண்ணப்பத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, மறுபடியும் கவரில் போட்டு நீட்டினான். சவுரிராயன் வாங்கிக்கொண்டான். உள்ளே அடுப்பங்கரையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

அன்றைக்குச் சக்கரபாணி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கோபப்படவே இல்லை. ஆனாலும் சவுரிராயன் கொட்டகைக்கு வந்து பார்த்தபோது சார்ஜர் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. வேப்ப மரத்துக் கிளையிலிருந்து ஒயரை ஒருவன் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பேட்டரிப் பலகைக்குப் பக்கத்தில் மயிலம் போகிற லாரிக்காரன் ஒருவன் தன் பேட்டரிக்காகக் காத்திருந்தான்.

"இன்னா சவுரி, கரண்டு பூட்ச்சா? எப்ப வரும்?"

"வராது" என்றான் சவுரிராயன். "பேட்டரிய எடுத்துக்கினு போ."